பன்னிரண்டு வோல்ட்

ரெண்டு பேட்டரி இருந்தால் இருபத்துநாலு வோல்ட். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற தங்கச்சாமிக்கு முப்பது வருஷமாக இதுதான் கணக்கு. பெரிய லாரிகளாகவே பார்த்துப் பழகிய கை. இந்த வண்டியில் அது அப்படியில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் ஜெயசித்ரா. சொன்னது ஒரு பொம்பளைப்பிள்ளை என்பதால் யார் காதிலும் ஏறவில்லை.

வண்டி அவள் அப்பா விஜயபாண்டியுடையது. வடக்கே பனி பெய்கிற மலைநாட்டில் ஓடிய சின்ன டீசல் லாரி; போன தையில் ஏலத்தில் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ராஜபாளையத்து மில்லில் பேண்டேஜ் துணி ஏற்றி மதுரையில் இறக்குகிற வேலை. சித்திரை பிறந்ததும் வண்டி படுத்த ஆரம்பித்தது. உச்சிவெயிலில் மேட்டைக் கண்டால் இரைக்கும், கரும்புகை கக்கும். காலையில் செல்ஃப் எடுக்காது. ரெண்டு தடவை வழியில் நின்று துணி தாமதமாகப் போனது. மூணாவது தடவை நின்றால் லோடு வேறு வண்டிக்கு என்று மில் மேனேஜர் ஏசுவடியான் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த லோடு திங்கட்கிழமை.

ஜெயசித்ரா குடும்பத்தில் முதல் பட்டதாரி. தாலுகா ஆபீசில் அதற்குச் சான்றிதழ் வாங்கி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். படிக்க வைத்த அப்பாவுக்கே அந்தப் படிப்பு கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போடத்தான் என்று நினைப்பு. அவள் ஒரு சாயங்காலம் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள்; செத்த நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. இன்ஜினுக்குப் போகிற காற்றைச் சூடாக்க, காற்றுக்குழாயின் வாயில் ஒரு ஹீட்டர். பனியில் ஸ்டார்ட் ஆவதற்காக வைத்தது. அதை அணைத்துப் போடுகிற ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் அணையாமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. காற்று எடுக்கிற வாயும் வெளியே இல்லை. சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ரெண்டாவது பேட்டரியும் குளிருக்காகத்தான். ரெண்டும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ந்து பன்னிரண்டு வோல்ட்டே கொடுத்தன. நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு? ஹீட்டரைக் கழற்றி, காற்று வாயை வெளியே கொண்டுவந்து, ஒரு பேட்டரியை எடுத்துவிட்டால் போதும்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். மறுநாள் சனிக்கிழமை வண்டியை நேரே தங்கச்சாமியிடம் கொண்டுபோய் விட்டார்.

ஜெயசித்ராவும் கூடவே போனாள். தங்கச்சாமி பேட்டரி கம்பிகளைப் பார்த்துச் சிரித்தார். எந்த மடையன் இப்படிக் கோத்தது, அதான் செல்ஃபுக்கு வலு பத்தல என்றார். ஒரு பேட்டரியின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் மாட்டப் போனார். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"மாமா, இது பன்னிரண்டு வோல்ட் வண்டி. அப்படிக் கொடுத்தா டைனமோ எரிஞ்சிரும். அதுல எழுதியிருக்கு, வாசிச்சிப் பாருங்க."

"ஏட்டி, நீ பொறக்குமுன்ன இருந்து நான் வண்டி பாக்கேன். நீ போயி காலேஜ்ல வாசி."

பட்டறையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அப்பா அவள் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். அவிய தொழில அவியளுக்குத் தெரியாதா, சும்மா நில்லு என்றார். அது மேலும் எரிந்தது அவளுக்கு.

கம்பி மாட்டியாயிற்று. அப்பா சாவியைத் திருப்பினார். செல்ஃப் பேய் பிடித்த மாதிரி சுற்றி இன்ஜினும் பிடித்தது. தங்கச்சாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள் மீட்டர் விளக்குகள் பளீரென்று எரிந்து அணைந்தன. டைனமோவிலிருந்து கருகல் புகை வந்தது.

அப்பா அவசரமாகச் சாவியை அணைத்தார். பிறகு தங்கச்சாமி, இவ வீட்டுல வச்சே பானெட்டைத் தெறந்து எதையோ நோண்டிட்டா போல என்றார். அதை டிரைவர்கள் நம்பினார்கள். அப்பா மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்றே இன்னொரு லாரியில் கயிறு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்தார்கள். ஞாயிறு முழுக்க ஜெயசித்ரா வண்டிக்கு அடியில் கிடந்தாள். டைனமோவை ஊரில் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துச் சரி செய்தாள். ஹீட்டரைக் கழற்றிய இடத்துக்கு லேத்தில் அலுமினிய வளையம் கடைந்து வைத்தாள். கேபினின் முன்மூலைக்குக் காற்று வாயைத் திருப்பிவிட்டாள். பல்பும் ஃபியூஸும் மாற்றினாள். ஒற்றைப் பேட்டரியோடு வண்டி ஒரே முறுக்கில் கிளம்பியது. அப்பா காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே பார்த்தார்.

திங்கள் மத்தியானம், தார் உருகுகிற வெயிலில், மில் கேட். அப்பாவுக்குப் பக்கத்தில் ஜெயசித்ராவும் உட்கார்ந்திருந்தாள். ஏசுவடியான் வண்டியைச் சுற்றி வந்து யார் வேலை பார்த்தது என்று கேட்டார்.

"நம்ம தங்கச்சாமிதான்" என்றார் அப்பா.

தங்கச்சாமி பார்த்த வண்டியா, அப்ப முழு லோடும் ஏத்திக்கோ என்று ஏசுவடியான் கையசைத்தார். ஜெயசித்ரா கதவைத் திறந்து கீழே குதித்தாள்.

"அவரு எரிச்சாரு சார். சரி பண்ணது நான்."

ஏசுவடியான் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்டீரிங்கைப் பார்த்தார். ஏசுவடியான் தாடையைச் சொறிந்தார். அப்படின்னா இன்னைக்குப் பாதி லோடு போதும், ஓடுதான்னு பாப்போம், பொறவு யோசிப்போம் என்றார்.

"அவரு பேருக்கு முழு லோடு. எம் பேரச் சொன்னதும் வண்டி எளச்சிப் போச்சா? அணைச்சி அணைச்சி எடுத்துப் பாருங்க. எம்புட்டுத் தடவ வேணும்னாலும்."

லோடுமேன்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஏசுவடியானே ஏறி உட்கார்ந்தார். எட்டுத் தடவை அணைத்து எடுத்தார். எட்டுத் தடவையும் பிடித்தது. ஆக்சிலேட்டரை அழுத்திப் பின்னால் எட்டிப் பார்த்தார், கரும்புகை இல்லை. இறங்கி, அவளைத் தாண்டிப் போய், ஆட்களைப் பார்த்து முழுசா ஏத்துங்கலே என்றார்.

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டது.

"நாலு பேருக்கு முன்னால என்னப் பொய்யனாக்கிட்டியே" என்றார் அப்பா.

"நான் ஆக்கல. நீங்களா ஆனீங்க."

பாலத்து ஏற்றம் வந்தது. பழக்கதோஷத்தில் அப்பாவின் கை கியரைக் குறைக்கப் போனது. வண்டி அதைக் கேட்கவில்லை, அதே கியரில், முழு லோடோடு, ஏறிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்து ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டார். ஜெயசித்ரா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.