பசை போட்ட கை

ஸெய்னுலாப்தீன் மாத்தளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துப் பதினெட்டு நாளாகிவிட்டது. கலேவெலச் சந்தையில் வெங்காயம் விற்று நாள் முழுக்கக் கத்திய தொண்டைக்கு இங்கே வேலையே இல்லை. இதயத்தில் கிருமி, ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாளும் நரம்பில் மருந்து ஏற வேண்டும் என்றார்கள். அதற்காக வலது முழங்கை மடிப்பில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அது நழுவாமலிருக்கத் தோலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். புத்தளத்திலிருக்கும் மகள் ஸரீனா ஒரே ஒரு தடவை வந்து போனாள். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. மறுபடி வா என்று சொல்ல அவருக்கே மனம் வரவில்லை.

தையல் பழுத்துச் சீழ் கட்டியது. கட்டாமல் என்ன செய்யும்? மனுஷன் ஐந்து நேரமும் துணிக்கட்டைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். தொழுமுன் முகம் கை கால் கழுவி ஒளு எடுத்தால் முழங்கை வரை நனைய வேண்டும் அல்லவா? நாலு மாதத்துக்கு முன் மவ்த்தாகி மண்ணுக்குள் போன மனைவி றஸ்மியாவுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்த வேலை. ஒளு சரியாகக் கூடாவிட்டால் தொழுகை கூடாது, தொழுகை கூடாவிட்டால் துஆ அவளுக்குப் போய்ச் சேராது என்று பயந்தார்.

டொக்டர் இடது கையில் புதுக் குழாய் வைத்தார். இந்த முறை ஊசியும் நூலும் எடுக்கவில்லை. சின்னக் குப்பியிலிருந்து நாலு சொட்டுப் பசையை விட்டார். அது ஒரு நிமிஷத்தில் காய்ந்து பளபளத்தது. "இனித் தையல் வேண்டாம். தண்ணீர்கூட உள்ளே போகாது. இதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், வேறு நல்ல நரம்பு இல்லை" என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார்.

தண்ணீர் போகாது! ஸெய்னுலாப்தீன் அந்தப் பளபளப்பைத் தடவிப் பார்த்தார். நகப்பூச்சோடு தொழப்போன ஸரீனாவை றஸ்மியா பிடித்து நிறுத்தி, தண்ணி படாத நகத்தோட ஒளு கூடாதுடி என்று சுரண்ட வைத்தது நினைவுக்கு வந்தது. மார்க்க விஷயமெல்லாம் அவள் பொறுப்பு. அவள் சொல்வாள், இவர் செய்வார், முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. இப்போது கேட்க ஆளில்லை. இரண்டு நாள் தொழாமல் கிடந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன், பசையின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். பசை உரிந்தது, கூடவே குழாயும் வந்துவிட்டது. சட்டையெல்லாம் இரத்தம்.

டொக்டர் கத்தித் தீர்த்தார். ஒரு மணி நேரம் தடவித் தேடி, அதே கையில் கொஞ்சம் கீழே ஒரு நரம்பைப் பிடித்து மறுபடி பசை போட்டார். "இதுவும் போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

இரத்தம் துடைக்க வந்த பணிப்பெண் தலையில் முக்காடு போட்டிருந்தாள். ஜெஸீமா என்று பெயர்.

"ஏன் மாமா இதப் பிச்சீங்க?"

சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்லாஹ்வே! இது என்ன அழகுக்குப் பூசினதா? காயத்துக்குக் கட்டினது, ஒட்டினது எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தான். கைய நனைச்சு மேலால ஒருக்காத் தடவினாப் போதும். யார்ட்டயாவது கேட்டிருக்கலாந்தானே?"

"யார்ட்டப் புள்ள கேக்க?"

ஜெஸீமா ஜொக்கில் தண்ணீர் கொண்டுவந்து, அவர் ஒளு எடுக்க ஊற்றினாள். றஸ்மியா போன பிறகு அவருக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. அன்று அழுதுகொண்டே தொழுதார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து அவர் ஜெஸீமாவிடம் கேட்க மூன்று சந்தேகங்களைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தார். மூன்றுக்கும் விடை அவருக்கே தெரியும். வந்தவள் வேறொருத்தி. ஜெஸீமாவை மேல்மாடி வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஸெய்னுலாப்தீன் தானே ஜொக்கைச் சரித்துக் கையை நனைத்துக்கொண்டார். பசையின் மேல் மெதுவாக ஒரு தடவை தடவினார். ஒரு தடவை போதும் என்று தெரிந்தும், இன்னொரு தடவை தடவினார்.