ஹருனோ ரின் யார்?

கான்டா பேட்டையில், ஒரு அச்சகத்துக்கு மேலிருந்த மாடியறையில் உட்கார்ந்து குராச்சி ஷிகெயோ பல வருடமாக ஒரு மாத இதழுக்கு ஆசிரியராக இருந்து வந்தார். கயிற்றால் கட்டுண்ட பெண்களின் படங்களும், அதில் கிறக்கம் கொண்டவர்களின் அந்தரங்கக் கதைகளும் நிறைந்த இதழ். கடைக்காரர்கள் பழுப்புத் தாளில் சுற்றித்தான் கொடுப்பார்கள். பாதிக் கதைகளை அவரே வெவ்வேறு பெயர்களில் எழுதினார். படங்களும் அவருடையவைதான், ஆனால் 'ஹருனோ ரின்' என்ற பெண் பெயரில் வந்தன.

ரின்னுக்கு வாசகர்கள் உருகி உருகி எழுதினார்கள். ஒருமுறை குராச்சி ஆசைப்பட்டு ஒரு படத்தைச் சொந்தப் பெயரில் போட்டார். ரின் அம்மையாரைக் காப்பியடிப்பதை ஆசிரியர் நிறுத்தட்டும் என்று வசவுதான் வந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் போலீஸ் இதழைப் பறிமுதல் செய்தது. முதலாளி சோனொபே கூப்பிட்டு அனுப்பினார்.

"வேற பேர்ல புதுசா ஆரம்பிக்கிறோம், குராச்சி. ஆசிரியரா ஒரு இளவட்டத்தப் பிடிச்சிருக்கேன். உங்க எழுத்து பழசாயிடுச்சு, தப்பா நினைக்காதீங்க. ரின்ன மட்டும் எனக்கு விட்டுக்குடுங்க."

"ரின் நான்தாங்க."

சோனொபேக்குச் சிரித்துப் புரையேறியது. குராச்சி மேசையிலிருந்த தூரிகையை எடுத்தார். ஒரு தோள், அதை அழுத்தும் கயிறு, குனிந்த முகம். சிரிப்பு நின்றது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வழுக்கையும் தொப்பையுமா ஒரு ஆம்பள வரையறான்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

வீட்டில் மனைவி மசுயே கேட்டாள்: "வரைய மாட்டேன்னுட்டு வந்திருக்கலாமே?"

"முடியலயே. அதான் எரியுது."

ரின்னின் வீடு என்று சோனொபே கொடுத்த முகவரிக்கு, படம் வாங்கப் புது ஆசிரியர் நிஷிவாகி வந்தான். கதவைத் திறந்த மசுயேயைக் கண்டதும் இடுப்பு ஒடியக் குனிந்து, பயற்றுப்பூரண இனிப்புப் பெட்டியை நீட்டினான். "ரின் அம்மா! நான் உங்க பைத்தியம்!"

மை படிந்த விரல்களைக் குராச்சி கிமோனோ கைக்குள் இழுத்துக்கொண்டார்.

நிஷிவாகி படத்தைப் பார்த்தான். "இடுப்புக்கிட்ட கயிறு தளர்வா இருக்கே?"

"அவ மூச்சை உள்ள இழுத்திருக்கா. அதான் தளர்வு," என்றார் குராச்சி.

"உங்களக் கேக்கல சார். அம்மா சொல்லட்டும்."

மசுயே கணவனைப் பார்த்தாள். "மூச்சை இழுத்திருக்கா," என்றாள்.

"அடடா!" என்று அவன் கண்ணை மூடினான். "பொம்பள மனசு பொம்பளைக்குத்தான் தெரியும்."

அவன் போனபின் மசுயே பெட்டியைத் திறந்தாள். "நல்லாருக்குங்க. ஒண்ணு சாப்பிடுங்க."

"அம்மாவே சாப்பிடுங்க," என்று எரிந்து விழுந்துவிட்டு, குராச்சி அடுத்த மாதத்துப் படத்துக்கு மைக்கட்டி உரைக்கப் போனார்.