மலைக்குப் போன வெல்லம்

கல்வராயன் மலை அடிவாரச் சோதனைச் சாவடியில் எஸ்.ஐ. மணிமொழி ஒரு மொபெட்டை மறித்தாள். ஓட்டி வந்தவள் சின்னப்பொண்ணு, கரியாலூர் பக்கத்துச் சிற்றூர்க்காரி. கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை. ஏட்டு அரங்கநாதன் கோணியை அவிழ்த்தார். உள்ளே வெல்லம்.

சாராயம் காய்ச்சுகிறவனுக்கு முதலில் வேண்டியது வெல்லம்தான். கருணாபுரத்தில் அத்தனை பேர் விஷச்சாராயம் குடித்துச் செத்த பிறகு, மலைக்குப் போகிற வெல்லமெல்லாம் போலீஸ் கண்ணுக்குச் சாராயமாகவே தெரிந்தது. மணிமொழி அப்போது ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவள். அங்கே கேட்ட அழுகை இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ வெல்லம்?"

"மாரியம்மனுக்குப் பொங்க வைக்கிறோம். ஊரே சாப்புடணும், கம்மியா வாங்கினு போவ முடியுமா?"

"உன் வூட்டுக்காரன் மேல பழைய கேஸ் இருக்குதே?" என்றார் ஏட்டு.

"அந்தத் தொழில வுட்டுட்டு அவரு கேரளாவுல கூலிக்குப் போய்க்கினு இருக்காரு. நாங்க இன்னா, சாவற வரைக்கும் திருடங்களா?"

மணிமொழிக்குச் சுருக்கென்றது.

"வாயப் பாத்தீங்களா மேடம்? கேஸ் எழுதிடலாம். ஒண்ணாச்சும் காட்டணும்னு இன்ஸ்பெக்டரு கேட்டுக்கினே இருக்காரு."

மணிமொழி பேனாவை எடுத்தாள். எழுத ஓடவில்லை. இவள் கும்பிட்டு அழுதிருந்தால் விட்டிருப்போமோ? அப்படியென்றால் வழக்கு வெல்லத்துக்கா, இவள் வாய்க்கா? சும்மா விடவும் பயமாக இருந்தது. இது சாராய ஊறலுக்குப் போய் இன்னொரு தெருவில் பிணம் விழுந்தால்?

"வண்டிய எடும்மா. நான் பின்னாலயே வரேன்."

ஊரில், கோயிலுக்கு முன்னால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. "வெல்லம் எங்கடி, சாமை குழைஞ்சு போவுது!" என்று ஒருத்தி கத்தினாள், பின்னால் வந்த ஜீப்பைக் கண்டதும் அப்படியே அடங்கிப்போனாள். மூட்டை முழுக்கப் பானைகளில் கரைகிற வரை மணிமொழி அங்கேயே நின்றாள்.

வெல்லக் கேஸ் என்னாச்சு என்று இன்ஸ்பெக்டரிடமிருந்து போன் வந்தது.

"கேஸ் இல்ல சார். பொங்கலுக்குத்தான், நானே நின்னு பாத்தேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன். நாளைக்கு எதுனா ஆனா நான் பதில் சொல்றேன்."

"சரி, உன் பொறுப்பு," என்று இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டார்.

சின்னப்பொண்ணு இலையில் பொங்கல் கொண்டுவந்து நீட்டினாள். குரல் தாழ்ந்திருந்தது. "ஓடைக்கு அந்தாண்ட ரெண்டு பேரு ஊறல் போட்டு வச்சிருக்காங்க மேடம். எங்க ஊரு ஆளுங்க இல்ல. சொன்னா எங்களையே புடிப்பீங்கன்னு யாரும் வாயத் தொறக்கல."

அன்று வெயில் தாழ்வதற்குள் அந்த இருவரும் பிடிபட்டார்கள். புளித்து நுரைத்துக் கிடந்த பேரல்களை ஏட்டே உருட்டிக் கவிழ்த்தார். காக்கியைக் கண்டால் கதவைச் சாத்துகிற பெண்கள் அன்று மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீப் கிளம்பும்போது சின்னப்பொண்ணு ஓடிவந்தாள்.

"மேடம், உங்க நம்பரக் குடுத்துட்டுப் போங்க."

மணிமொழி சொல்லச் சொல்ல, பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் போனில் போட்டுக்கொண்டார்கள்.