காக்காய்க் கடி

ஆய்வுக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கறார்’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கறாராக இல்லாவிட்டால் இந்த மருந்து எலிக்கூண்டைத் தாண்டியிருக்காது. தலை நரைத்ததே அந்தக் கூண்டுகளுக்கு நடுவில்தான்.

சில பையன்களுக்குத் தசையைக் காக்கும் மரபணு பிறவியிலேயே பழுதாகியிருக்கும். ஓடி விளையாட வேண்டிய வயதில் சக்கர நாற்காலிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் தீங்கில்லாத ஒரு வைரஸின் முதுகில் நல்ல மரபணுவை ஏற்றி ரத்தத்தில் விடுகிறோம். அது தசைக்குள் போய் இறக்கிவிடும். ஆனால் ஒரே ஒரு முறைதான். உடம்பு அந்த வைரஸின் முகத்தை மறக்காது. அடுத்த தடவை வந்தால் வாசலிலேயே அடித்துத் துரத்திவிடும்.

தையல்காரி ஒருத்தியின் இரண்டு மகன்களுக்குமே இந்த நோய். மனிதர்களிடம் சோதிக்கும் முதல் சுற்றில் வீட்டுக்கு ஒருவர்தான் என்பது விதி. அண்ணனுக்குக் கிடைத்தது. தம்பிக்கு அடுத்த சுற்று, அதுவும் அதுவரை அவன் உடம்பு அந்த வைரஸைப் பார்க்காமல் இருந்தால். ஊசி போட்டவனின் எச்சிலில் கொஞ்ச காலம் வைரஸ் வரும் என்பதால், சின்னவனை அதே தெருவிலிருந்த சித்தி வீட்டில் விடச் சொன்னேன்.

“ஒட்டிக்கிட்டே திரியற பசங்க மேடம். பிரிச்சு வைக்கச் சொல்றீங்களே,” என்றாள்.

“கொஞ்ச நாளைக்குத்தாம்மா. அப்புறம் ஆயுசுக்கும் சேர்ந்து ஓடட்டும்.” பையன்கள் பக்கம் திரும்பி விரலை ஆட்டினேன். “டேய், பேசணும்னா கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு பேசுங்க. ஒருத்தன் எச்சில் இன்னொருத்தன் மேல பட்டுது, தோலை உரிச்சிடுவேன்.”

இரண்டும் பயபக்தியோடு தலையாட்டின.

அண்ணன் வாராவாரம் ரத்தம் கொடுக்க வருவான். அழாமல் கொடுத்தால் நான் ஒரு சாக்லேட் தருவேன். தின்னாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். பஸ்ஸில் தின்பான்போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னேன். இந்த நோய் வந்த பையன்கள் தொடையில் கையை ஊன்றித்தான் எழுவார்கள். இவன் ஊன்றாமல் எழுந்துவிட்டான். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை.

தம்பியின் ரத்தச் சோதனை முடிவு அதற்கப்புறம் வந்தது. அவன் உடம்பு வைரஸைப் பார்த்துவிட்டிருந்தது. சோதனை செய்தவரைத் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

முடிவைச் சொல்ல வரச்சொல்லியிருந்த அன்று அம்மாவும் அண்ணனும் மருந்துக்கடைக்குப் போயிருந்தார்கள். சின்னவன் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

“கண்ணா, அண்ணன்கிட்ட ஏதாச்சும் வாங்கித் தின்னியா?”

“நீங்க குடுத்த சாக்லேட்தான் டாக்டர். எச்சில் படவே இல்ல. காக்கா கடி கடிச்சுத்தான் குடுத்தான்.” சட்டை நுனியைத் தூக்கி, எதையோ அதற்குள் வைத்துப் பல்லால் கடித்துக் காட்டினான். “எப்பவும் பெரிய துண்டு எனக்குத்தான்.”

துணி மறைத்தால் எச்சில் இல்லை. எனக்குத் தெரியாத சட்டமா? என் அக்கா எனக்கு அப்படித்தான் கடித்துக் கொடுப்பாள். பாவிப் பிள்ளைகள், நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார்கள்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கு ஊசி கிடையாதா?”

“இப்போதைக்கு இல்லடா.”

தொங்கிய காலை ஆட்டினான். “அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. அவன் அழுவான்.”

அவர்கள் திரும்பி வந்ததும் முடிவை மட்டும் சொன்னேன். தையல்காரி கையிலிருந்த பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவன் கதவருகிலேயே நின்றான்.

“என்னாலயா டாக்டர்?”

வைரஸ் எங்கிருந்து வந்தது என்று ரத்தம் சொல்லாது. ஆதாரமில்லாமல் ‘நிச்சயம்’ என்று சொன்னவர்களைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கிழித்திருக்கிறேன்.

“இல்லடா. நிறைய பேருக்குத் தானா வந்துட்டுப் போற வைரஸ் இது. உன்னால இல்ல. நிச்சயமா.”

தையல்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இனிமே இவனுக்கு வழியே இல்லையா?”

“உடம்பை அந்த மூஞ்சிய மறக்க வைக்கணும். இனி அதுதாம்மா என் வேலை.”

“எப்ப முடியும்?”

“தெரியல.” அது மட்டும் உண்மை.

சின்னவன் தொடையில் இரண்டு கையையும் ஊன்றிக் கட்டிலைவிட்டு எழுந்தான். “அப்ப எச்சில் பட்டா இனிமே பரவால்லையா? நான் வீட்டுக்கு வரலாமா?”

“தாராளமா வாடா.”

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துப் பெரியவனிடம் நீட்டினேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் உறையைப் பிரித்து, பழக்கதோஷத்தில் சட்டை நுனிக்குள் வைத்தான்.

“துணி வேணாம்டா,” என்றான் தம்பி. “சும்மாவே கடி.”

அண்ணன் கடித்து, பெரிய துண்டைத் தம்பிக்குக் கொடுத்தான்.