ஒரு டன் எடை

தன் சதையைக் கரைத்து இன்னோர் உயிரைக் காக்க ஓர் ஊரே திரண்டு எழுவது மனிதகுல வரலாற்றில் இதுவே முதல் தடவை என்று கவுன்சிலர் மாஸி ஹார்ட்னெட் பங்கு மண்டபத்து மேடையில் நின்று அறிவித்தார். அப்போது அவருடைய இடது கையில் ஓர் ஆப்பிள் டார்ட் துண்டு இருந்தது. இதுதான் என் கடைசித் துண்டு என்று சொல்லி, பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துவதுபோல உயர்த்திக் காட்டி, பிறகு தின்றார். கைதட்டல் அடங்குவதற்குள் இன்னொரு துண்டு கைக்கு வந்திருந்தது. விரதம் திங்கட்கிழமைதான் தொடங்குகிறது என்று விளக்கமும் சொன்னார்.

ஊரார் எல்லோரும் சேர்ந்து ஒரு டன் எடை குறைப்பது என்பதுதான் திட்டம். ஆளாளுக்குக் குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் அவரவர் சொந்தபந்தம் நன்கொடை தரும். சேர்ந்ததெல்லாம் கார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் சி.எஃப். என்கிற பரம்பரை நோய்க்கான பிரிவுக்குப் போகும். பால்பண்ணைக்காரர் நீலஸ் டூஹிக்கின் மகள் ஏடீன் வருஷத்தில் பாதியை அங்கேதான் கழித்தாள். எல்லாம் அவள் பெயரால்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த நீலஸுக்கு மட்டும் எங்கோ இடித்தது. அவர் மகளுக்கு எடை கூட வேண்டியிருந்தது. நுரையீரல் மாற்றக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவளைச் சேர்க்க வேண்டுமானால் இன்னும் நாலு கிலோவாவது ஏற வேண்டும், இந்த உடம்பு கத்தியைத் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மெலிந்துகொண்டே போகிறவளுக்காக ஊரும் மெலிவானேன்? எழுந்து கேட்டுவிடலாமா என்று யோசித்தார். ஆனால் சுற்றிலும் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்து அன்போடு தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கிற அன்பை வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் யாரும் பழகியிருக்கவில்லை. நீலஸும் தலையசைத்தார்.

கன்றுகளைத் தேற்றுவதில் நீலஸை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. சந்தையில் விலைபோகாத நோஞ்சான் கன்றை வாங்கி வந்து, அடுத்த வசந்தத்தில் கதவில் இடிக்கிற காளையாக ஓட்டிப் போவார். சொந்த மகளிடம் மட்டும் அந்தக் கைராசி பலிக்கவில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளை முத்தமிட்ட அம்மா ஹன்னா, "பிள்ளை உப்புக் கரிக்குதே" என்று சொன்னாள். வேர்வை அப்படி உப்பாவதுதான் அந்த நோயின் அடையாளம்; அன்றைக்கே நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. உடம்புக்குள் நீராக ஓட வேண்டியதெல்லாம் பிசினாகக் கெட்டிப்படுகிற நோய். அந்தப் பிசின் நெஞ்சையும் அடைக்கும், சோற்றைச் செரிக்க வைக்கிற சாறு வரும் வழியையும் அடைக்கும். அதனால் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் மாத்திரைகளை விழுங்கியாக வேண்டும். தவறினால் தின்ற வெண்ணெய் தின்றபடியே வெளியேறும். ஒட்டுவதில் பாதியை மூச்சு வாங்குவதே தின்றுவிடும். இன்றைக்கு இருக்கிற புது மருந்துகள் எதுவும் அப்போது வந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் கிரான்யா, ஏடீனின் வயிற்றில் சிறு குழாய் வைத்து, தூக்கத்தில் பம்பு வழியே சத்துப்பால் ஏற ஏற்பாடு செய்திருந்தாள். ஊரிலுள்ள மற்றவர்களிடம் எதையெல்லாம் தொடாதே என்பாளோ, அதையெல்லாம் ஏடீனிடம் தின்னச் சொல்வாள். வெண்ணெய்மேல் பாலாடை, அதன்மேல் சீஸ். ஆனால் குழாயை விட ஹன்னாவின் சாப்பாட்டு மேசையைத்தான் தான் நம்புவதாகவும் அவள் ஒருமுறை சொன்னாள்.

காரணம் இருந்தது. தனியாக உட்கார்ந்தால் ஏடீனுக்கு ஒரு வாய் இறங்காது. ஆட்கள் வந்தால் இறங்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நாடகத்தைத்தான் ஆடுவார்கள். ஹன்னா டீயும் கேக்கும் நீட்டுவாள். வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார்கள். மறுபடி நீட்டுவாள், ஐயோ, ஒரு பருக்கைக்கு இடமில்லை என்பார்கள். மூன்றாம் தடவை நீட்டியதும், சரி, உன் மனசு நோகக் கூடாது என்று உட்கார்ந்து அரை கேக்கைக் காலி செய்வார்கள். பெக் மொய்னஹன் இரண்டாம் "வேண்டாம்" சொல்லும்போதே கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருப்பாள். ஏடீன் இதையெல்லாம் குதிரைப் பந்தய வர்ணனைபோல அப்பா காதில் ஓட்டிக்கொண்டே, தன் தட்டு காலியானது தெரியாமல் தின்று முடித்திருப்பாள்.

விரதம் தொடங்கிய வாரம் பெக் வந்தாள். கையில் ஒரு செலரிக் கீரைத் தண்டு.

ஹன்னா நீட்டினாள். வேண்டாம் என்றாள். மறுபடி நீட்டினாள். மறுபடி வேண்டாம் என்றாள். ஏடீன் முள்கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள். மூன்றாம் தடவையும் நீட்டினாள்.

"இல்ல ஹன்னா, நெசமாவே வேணாம். இந்தப் புள்ளைக்காக வாயைக் கட்டியிருக்கேன்."

"எனக்காக அவுத்து விட்ருங்க பெக் ஆன்ட்டி," என்றாள் ஏடீன்.

பெக் சிரித்தாள், ஆனால் தின்னவில்லை. முள்கரண்டி கீழே வந்தது.

அடுத்தடுத்து எல்லோரும் அப்படியே. கடையில் முழுப்பாலும் கொழுத்த தயிரும் மறைந்து, தண்ணீரில் பால் காட்டிய மாதிரி ஒன்று வந்தது. பூசை முடிந்த பிறகு மண்டபத்தில் தெர்மோகோல் போன்ற அரிசி வில்லைகளைப் பரப்பினார்கள். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, கையைப் பிடித்து, "உனக்காகத்தான் கண்ணு" என்று சொல்லிப் போனார்கள். ஏடீனுக்கு முக்கால் கிலோ இறங்கியது. இப்படியே போனால் நுரையீரல் பேச்சையே எடுக்க முடியாது என்று கிரான்யா மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

நீலஸ் துணிந்து மாஸியிடம் போனார். ஞாயிறுதோறும் மாட்டுச்சந்தையின் தராசில்தான் ஊர் ஏறி நிற்கும். ஆளை நிறுக்கிற தராசு பெக் ஏறியதும் நின்றுபோனதால் வந்த ஏற்பாடு. காளைகள் நிற்கிற கூண்டுக்குள் மாஸி காலணியைக் கழற்றிவிட்டு வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். எக்கினால் முள் இறங்கும் என்பது அவர் நம்பிக்கை.

"மாஸி, ஒரு சின்ன விஷயம்," என்றார் நீலஸ். தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வீட்டுக்கு வர்றவங்க ஒரு வாய் கேக்கு எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்னு..."

மாஸியின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாடா இந்த மனுஷனை," என்று கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்துச் சொன்னார். "வீட்ல இம்புட்டுக் கஷ்டம், ஆனா நம்ம பசிக்காக வருத்தப்படுறாரு. எங்களைப் பத்திக் கவலைப்படாத நீலஸ். நாங்க தாங்கிக்குவோம்."

வரிசை கைதட்டியது. நீலஸ் சொல்ல வந்தது அதுவல்ல. நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கு மதியமே ஒரு வேலை செய்தார். கோட்டு மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியே வெளியே போனார். சுற்றி வந்து முன்கதவைத் தட்டினார். ஹன்னா திறந்தாள். மழையைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தார், பெக்கின் நடையில், பெக்கின் குரலில். ஹன்னா ஒரு கணம் பார்த்தாள். பிறகு கேக்கை நீட்டினாள். வேண்டாம் என்றார். இரண்டாவதற்கும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். மேசைக்கு அந்தப் பக்கம் ஏடீன் இருமி இருமிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மாத்திரையை விழுங்கிவிட்டு, தின்றாள்.

அதன்பிறகு நீலஸ் ஊரையே வீட்டுக்கு அழைத்து வந்தார். பெக்காக வந்தார், சாமியாராக வந்தார், செயற்கை முறையில் சினை ஊசி போடுகிறவராக வந்தார். மாஸியாக வரும்போது ஒவ்வொரு துண்டையும் கடைசித் துண்டு என்று அறிவித்துவிட்டுத் தின்றார். வெண்ணெய் ததும்பும் உருளைக்கிழங்கு மசியல், பன்றி இறைச்சி, பாலாடை ஊற்றிய ரூபார்ப் தண்டு இனிப்பு. அவள் ஒரு வாய் தின்ன அவர் மூன்று வாய் தின்றார். பசியில்லாமல் தின்றார், நெஞ்சு கரிக்கத் தின்றார். மாடு கறந்துவிட்டு வந்து மறுபடி தின்றார்.

பலித்தது. ஏடீனுக்கு இறங்கினது ஏறி, மேலே ஒரு கிலோ ஏறியது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவதும். ஒரே ஒரு கிலோ பாக்கி என்று கிரான்யா போனில் சொன்னபோது ஹன்னா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

நவம்பரில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் ஏதோ கிருமி. ஏற்றியதையெல்லாம் அது ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் முகமூடி வழியே காற்றும், குழாய் வழியே பாலும், அது ஒத்துக்கொள்ளாதபோது நரம்பு வழியே சத்தும் போயின. இவ்வளவு மோசமான உடம்பு தசையைத் தானே தின்றுவிடும், நாங்கள் அதற்கு ஈடுகொடுத்து ஊட்டப் பார்க்கிறோம் என்றாள் கிரான்யா. நாலு கிலோவைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஒரு பிற்பகல் ஏடீன் முகமூடியை விலக்கினாள். நர்ஸ் யாரோ நீலஸுக்கென்று வைத்துவிட்டுப் போன ஹாம் சாண்ட்விச்சைக் கண்ணால் காட்டினாள்.

"ஒரு துண்டு எடுத்துக்கங்க, பெக்."

நீலஸுக்குப் புரிந்தது. "வேணாம்மா. இப்பதான் சாப்ட்டு வந்தேன்."

"எடுத்துக்கங்க."

"ஐயோ, ஒரு பருக்கைக்கு இடமில்லடி," என்று கோட்டுப் பொத்தானில் கை வைத்தார்.

மூன்றாம் தடவை கேட்க அவளுக்கு மூச்சு வரவில்லை. நீலஸ் பொத்தானில் கையை வைத்தபடியே காத்திருந்தார். பிறகு கேட்காமலே எடுத்துக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முழுவதையும் தின்று முடித்தார்.

புதன்கிழமை அவள் போய்விட்டாள்.

உடல் வீட்டுக்கு வந்த மாலையில் விரதம் தானாகவே முடிந்தது. பாத்திரம் பாத்திரமாக வந்து இறங்கியது: ஆப்பிள் டார்ட், ஹாம், கிரீம் கேக்குகள், வெண்ணெய் வழிகிற ஸ்கோன்கள். மேசையில் இடமில்லாமல் ஜன்னல் விளிம்பிலும் வைத்தார்கள். சவப்பெட்டி இருந்த அறைக்கு அடுத்த அறையில் ஊர் முழுவதும் நின்று தின்றது. ஹன்னா நீட்டியபோது பெக் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டாள்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியவர்கள், கனமே இல்லையே என்று தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஊர் வரிசையில் வந்து, உங்க துக்கத்துக்கு வருந்துறோம் என்று நீலஸின் கையைக் குலுக்கியது. புதிதாகத் தைத்த, இரண்டு அளவு சின்ன கறுப்பு சூட்டில் மாஸி பத்து வயது குறைந்து வந்தார். குலுக்கிய கையை விடாமல், "ஒரு டன்னைத் தொட்டுட்டோம் நீலஸ்," என்று காதருகே சொன்னார். "அவ இருந்து பாத்திருக்கணும்."

நீலஸ் நன்றி சொன்னார். மழை விட்டு வெயில் வந்த பிறகும் அவர் கோட்டைக் கழற்றவில்லை, பொத்தானைக்கூடத் திறக்கவில்லை. ஒரே ஒரு நல்ல கால்சட்டைதான் அவரிடம் இருந்தது. அது இடுப்பில் சேரவில்லை. வைக்கோல் கட்டுகிற நீலக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்.