லைசென்ஸ் உள்ளவள்

எங்கள் சென்டரில் மோகனராஜை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை, நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி, மிஸி என்பார்கள். நான்கு வருடம் படித்து, பதிவு செய்து, வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். அவர் என் உதவியாள். ஆனால் ஆள் ஆறடி, கனத்த குரல், நரைத்த மீசை. நான் குள்ளம், அதோடு பெண். வருகிறவர்கள் முதல் நாளே முடிவு செய்துவிடுவார்கள். நான் திருத்திப் பார்த்தேன். "சரி மிஸி" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே அவர் பக்கம் திரும்பி, "டாக்டர், முட்டி வலிக்குதுலா" என்பார்கள். அவரும் ஒரு நாளாவது "நான் டாக்டர் இல்லை" என்று சொன்னதில்லை. சும்மா வருகிற பட்டம், கசக்கவா செய்யும்?

விதி என்னவோ எளிமையானதுதான். நோயாளியைச் சோதித்து, என்ன பயிற்சி என்று முடிவு செய்வது நான். நான் சொன்னதைச் செய்ய வைப்பது அவர். அவர் தப்பாகச் செய்தாலும் பதில் சொல்ல வேண்டியது நான். ஏனென்றால் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது ஷர்மினி என்கிற என் பெயரை.

பால்ராஜ் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். மனைவி நவமணி ஆன்ட்டி டத்தோ கிராமாட்டிலிருந்து அவரைக் காரில் கூட்டி வருவார். காடியிலிருந்து அவரை அலேக்காகத் தூக்கி இறக்குவது மோகனராஜ். கால் சீக்கிரம் தேறியது, கைத்தடியோடு நடந்தார். கை மட்டும் தொங்கிக்கொண்டேயிருந்தது.

இப்படித் தொங்குகிற கையை இழுக்கக் கூடாது. பிடிமானம் இல்லாத தோளில் எலும்பு ஏற்கெனவே குழியை விட்டு நழுவிக்கொண்டிருக்கும். முழங்கையோடு கீழேயிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் என்றால் இழுக்க வேண்டும், உருவ வேண்டும், வலியில் கத்த வேண்டும். மெதுவாகச் செய்தால் காசு தண்டம் என்று நினைப்பு.

அங்கிளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் வலது கையால் சிலுவை போட வேண்டும். கோயிலில் எல்லோரும் சிலுவை போடும்போது அவர் சும்மா நிற்பாராம். "இடது கையால போட்டா அன்னம்மா கோவிச்சுக்குவாங்களா அங்கிள்?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"திருவிழாவுக்குள்ள ஆயிடுமா மிஸி?" என்று ஆன்ட்டி ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"தெரியாது ஆன்ட்டி. அவசரப்பட்டா தோளு போயிடும்."

உடனே மோகனராஜிடம் போய் அதையே கேட்பார். அவர், "ஆகும், ஆகும், நம்பிக்கை வையுங்க" என்பார். யாரைப் பிடிக்கும், சொல்லுங்கள்?

ஜூன் மாதம் நான் ஒரு கோர்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. கோர்ஸுக்குப் போனால்தான் புள்ளி, புள்ளி இருந்தால்தான் அடுத்த வருட லைசென்ஸ். பிறையில் ஒரு ஹோட்டலில், முழு நாள். அன்றைக்கு மட்டும் வேறொரு பிசியோவை வரச் சொல்லுங்கள் என்று சென்டர் முதலாளி, தௌக்கே டெஸ்மண்டிடம் கேட்டேன்.

"ஒரு நாள்தானேலா. மோகன் பாத்துக்குவாரு."

"அவரு தனியா பாக்கக் கூடாது பாஸ். அதான் ரூல்ஸ்."

"ரூல்ஸ் பாத்தா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் மோகனராஜைக் கூப்பிட்டு, ஆன்ட்டியையும் பக்கத்தில் நிறுத்திச் சொன்னேன். "நாளைக்கு அங்கிளுக்குக் காலு மட்டும். கையத் தொடாதீங்க. கயிறு வேண்டவே வேணாம்." கயிறு என்றால் உத்தரத்தில் மாட்டியிருக்கும் கப்பி. ஒரு கையால் இழுத்தால் மறு கை மேலே போகும். வேறு தோள்களுக்கு நல்லது. அங்கிளின் தோளுக்கு எமன்.

"சரி மிஸி" என்றார் மோகனராஜ். ஆன்ட்டியும் தலையாட்டினார்.

மறுநாள் பிறையில் உட்கார்ந்து, நோயாளியின் பாதுகாப்பு என்று ஒருவர் படம் போட்டு விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் காலை ஆன்ட்டி வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்.

"மிஸி, நேத்து கை நெத்தியத் தொட்டுருச்சு! டாக்டர் கயிறு போட்டு இழுத்தாரு. சிலுவை போட்டுட்டாரு மிஸி! நான் அங்கேயே அழுதுட்டேன்."

பின்னால் அங்கிள் வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. சட்டையை விலக்கினேன். தோள் வீங்கி, அதன் கீழே இரண்டு விரல் போகிற பள்ளம். "ராத்திரி பூரா தூங்கல, நல்லதுக்கு வர்ற வலிதானே மிஸி?" என்றார் ஆன்ட்டி. மோகனராஜ் ஏதோ வேலை இருப்பதுபோலத் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். தோள் இறங்கியிருந்தது, தசைநார் கிழிந்திருந்தது. இனி அந்தக் கை எழும்புவது கஷ்டம் என்றார்கள். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை செய்கிற அவர்கள் மகள் கொதித்துப்போய், லைசென்ஸ் கொடுக்கிற கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். யார் பெயரைப் போட்டு எழுதுவாள்? சுவரில் எந்தப் பெயர் இருந்ததோ, அதைத்தான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தப்பு என்று முடிவானால் லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் என்னை வாசலில்கூட நிறுத்தாது. கையைத் தொடாதே என்று நான் சொன்னதை நிரூபித்தால் தப்பிக்க வழியுண்டு. சொன்னதோ வாயால். மோகனராஜ் கூச்சமே இல்லாமல், "மிஸி சொன்னதைத்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டார். நான் இல்லாத நாளில் அவரை யார் தனியாக விட்டது என்று கேட்டால், டெஸ்மண்டுக்கு ஞாபகமே இல்லையாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மிச்சமிருந்தது நவமணி ஆன்ட்டி ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் போனேன். அங்கிள் ஜன்னலோரம் கையில் தூளிக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

"ஆன்ட்டி, அன்னைக்கு நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? கயிறு வேணாம்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மிஸி." கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"அதை மட்டும் அங்க வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "நான்தான் மிஸி கேட்டேன். இன்னைக்குக் கைக்கு ஒண்ணுமே இல்லையா டாக்டர், திருவிழா வருதேன்னு நான்தான் கெஞ்சினேன். பாவம், நான் சொல்லித்தான் போட்டாரு. இப்ப நானே போயி அவரைக் காட்டிக் கொடுக்கவா?"

"அப்ப நான்?"

"அவருக்கு என்ன படிப்பு இருக்கு, சொல்லுங்க? இந்த வயசுல வேலை போனா எங்க போவாரு? நம்ம ஆளுங்களுக்கு அவரு எவ்வளவோ செஞ்சிருக்காரு. உங்களுக்கு என்ன மிஸி, லைசென்ஸ் இருக்கு. எங்க போனாலும் வேலை கெடைக்கும்."

பறிக்கப்போவதே அதைத்தான் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் மண்டையில் ஏறவில்லை. படித்தவளை யார் என்ன செய்துவிட முடியும் என்று உண்மையாகவே நம்பினார். இல்லாதவனிடம் பறிக்க ஒன்றுமில்லை, இருக்கிறவளிடம்தான் பறிப்பார்கள் என்று நான் கத்தியிருக்க வேண்டும்.

கடைசியாக அங்கிளைப் பார்த்தேன். புண்பட்டது அவர் தோள். அவர் சொல்லட்டும்.

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்க."

வார்த்தையைக் கூட்டிப் பார்த்தார். "நெத்தியத்... தொட்டுச்சு மிஸி." கண் கலங்கிவிட்டது. "ஒரு தடவை... தொட்டுச்சு."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? மைலோவைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். உதவியாளைத் தனியே விட்டுப் போனது என் தவறு என்றார்கள். விதிப்படி அது சரிதான். சரியாக இருப்பதுதான் இன்னும் எரிகிறது. போன இடமெல்லாம் முதலில் லைசென்ஸைக் காட்டச் சொன்னார்கள். கடைசியில் டெஸ்மண்டே போன் செய்தார். புதிதாகக் காமினி என்று ஒரு பிசியோ வந்திருக்கிறாளாம், சின்னப் பெண், கெட்டிக்காரியாம். அவளுக்குக் கீழே உதவியாளாக வருகிறாயா என்று கேட்டார். உதவியாளிடம் லைசென்ஸ் கேட்பவர் எங்கள் சென்டரில் யாருமில்லை. இரண்டு நாள் அழுதேன். பிறகு போனேன். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை.

முதல் நாளே பால்ராஜ் அங்கிள் வந்தார். கை இன்னும் தூளிக்கட்டில். சுவரில் இருந்த என் பெயர் போய்க் காமினியின் பெயர் வந்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. நவமணி ஆன்ட்டிக்கு என்னைக் கண்டதும் முகமெல்லாம் சந்தோஷம். ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மிஸி, உங்களுக்கு வேலை கெடைச்சிடும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

அந்தச் சந்தோஷத்தில் துளிகூடப் பொய் இல்லை. அதனால்தான் என்னால் அந்தக் கையை உதற முடியவில்லை.

"மிஸி, அங்கிளைக் கட்டில்ல ஏத்துங்க" என்று உள்ளேயிருந்து மோகனராஜின் குரல் வந்தது.

அங்கிளின் முழங்கையைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்து, தோள் அசையாமல் மெல்ல உட்கார வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெடி, டாக்டர்" என்று கூப்பிட்டேன். வேண்டுமென்றே, குத்தலாகத்தான் சொன்னேன்.

யாருக்கும் அது குத்தலாகப் படவில்லை. மோகனராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆன்ட்டி நகர்ந்து அவருக்கு வழி விட்டார்.