பா ஆற்றுக்கு இந்தப் பக்கம்

"ஆத்தைத் தாண்டினப்புறம்தான் பெட்டியத் தொறக்கணும். அதுக்கு முன்னால கைய வெச்சே, பாத்துக்க," என்று ஜான்கி மகளின் காதோடு சொன்னாள்.

"இன்னாம்மா வெச்சிருக்கே?"

"ஆத்தைத் தாண்டினா தெரிஞ்சிக்கற."

அன்று காலையில் ரஜ்னீதாவுக்குப் பயணத்தைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. தங்கச் சுரங்க ஊரான வட்டுகோலாவிலிருந்து நாடி விமான நிலையத்துக்குப் போக வேண்டும். மத்தியான விமானத்தைப் பிடிக்க வேண்டும். ராணுவம் இரண்டாம் முறையாக ஆட்சியைப் பிடித்த நாளிலிருந்து, இன்றைக்குத் திறந்திருக்கும் வழி நாளைக்கும் திறந்திருக்கும் என்று தீவிலிருந்த இந்தியர்கள் யாராலும் சொல்ல முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. இந்த வாரத்துக்குள் வந்து சேராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று தந்தி வந்திருந்தது.

கடல் தாண்டி, குளிர் நாட்டில் இருந்தது அந்தப் பல்கலைக்கழகம். அங்கே டாக்டர் படிப்பு கிடையாது, வக்கீல் படிப்பும் கிடையாது. கல், சுரங்கம், பூமி நடுக்கம், எரிமலை, இவ்வளவுதான். நடைக்கூடத்துச் சுவர்களில்கூட உலகத்துப் பாறைகளை எல்லாம் வரிசையாகப் பதித்திருக்கிறார்களாம். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒங்கப்பன் கூலி வாங்கிக்கினு கல்லு ஒடைக்கறான். நீ காசு குடுத்து ஒடைக்கப் போறியா?" என்றாள் பெரியம்மா இந்திராவதி. அப்பா பூமிக்குள் இறங்கித் திரும்பி வரும் ஒவ்வொரு நாளும், அங்கே என்னதான் இருக்கிறது என்று ரஜ்னீதாவின் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை வெளியே சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

வாசலில் அப்துல் ரஷீத்தின் வேன் நின்றது. பக்கத்து வரிசை வீட்டுக்காரர். அந்த வண்டியில் கைப்பிரேக் பிடித்து எத்தனையோ காலமாயிற்று. எங்கே நிறுத்தினாலும் இறங்கி ஓடிப் போய் பின்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டக் கொடுப்பார். கிளம்பும்போது அதைத் தூக்கி வண்டிக்குள் போட்டுக்கொள்வார்.

"சலோ பேட்டி, ஏறும்மா. சாமி அண்ணே, அந்தக் கல்ல எடுத்துக் கால்கிட்ட போடுங்க," என்றார் பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாக.

அப்பல்சாமி கல்லைப் போட்டுவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜான்கி அழவில்லை. "நீ திரும்பி வந்தப்புறம்தான் வெளக்கு ஏத்துவேன்," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அவர் முகம் சுளித்துக்கொண்டார்.

தவுவா தாண்டிக் கரும்புக் காடுகளுக்கு நடுவே வண்டி ஓடும்போதுதான் அந்த முகச்சுளிப்பின் காரணம் ரஜ்னீதாவுக்குப் புரிந்தது.

"அம்மா இன்னாத்துக்கு வெளக்கப் பத்திச் சொன்னாங்க?" என்று ஹிந்தியில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேச வரும்போது பாதியில் ஹிந்திக்குத் தாவிவிடும்.

"நம்ம வீட்டு மூலைக்கல்லு இருக்குதே, அதுக்குத்தான். வேணாம்னு சொல்லிட்டேன். இந்தச் சமயத்துல அதை வெளியில எடுக்கறதா?"

மூலைக்கல் என்பது அவர்கள் வீட்டுக் காவல். அப்பல்சாமி முதன்முதலாகச் சுரங்கத்துக்குள் இறங்கிய அன்று கூரையிலிருந்து பெயர்ந்து அவர் தலையை உரசிக்கொண்டு விழுந்த கல். ஒரு மயிரிழை தவறியிருந்தால் ஆள் இல்லை. அதை ரொட்டி டப்பாவுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஜான்கி அதை மூலையில் உட்கார்த்தி, வெள்ளிக்கிழமை தோறும் கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். வீட்டிலிருந்து யார் தூரப் பயணம் போனாலும் கல்லும் கூடப் போய் முதல் ஆற்றைத் தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அது மூலையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் விளக்கு.

ரஜ்னீதா திரும்பித் தன் பெட்டியைப் பார்த்தாள். 'ஆத்தைத் தாண்டினப்புறம்தான் பெட்டியத் தொறக்கணும்.'

"அப்பா," என்று ஆரம்பித்தாள். அதற்குள் வண்டி நின்றுவிட்டது.

பா ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தகர டிரம்களைக் குறுக்கே வைத்திருந்தார்கள். முன்னால் வண்டிகளின் வரிசை. சிப்பாய்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிகளை இறக்கித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாடு போகிறவர்கள் நகையும் தங்கமும் கடத்துகிறார்கள் என்று பேச்சு. பின்னாலும் லாரி வந்து நின்றுவிட்டது. திரும்பிப் போகவும் வழியில்லை.

"கல்லு என் பெட்டிக்குள்ள இருக்குதுன்னு நெனைக்கறேன்," என்றாள்.

அப்பல்சாமி வாய் திறந்தபடி அவளைப் பார்த்தார்.

"ஆம்பளைங்க பையத்தான் கொடைவானுங்க, பொண்ணு துணிக்குள்ள கை விட மாட்டானுங்கன்னு ஒங்கம்மா சொல்லிக்கினே இருந்தா," என்றார் மெல்ல. "இதுக்குத்தானா!"

"அண்ணே, வெறும் சாமிக் கல்லுதானே?" என்றார் ரஷீத்.

அப்பல்சாமி இல்லையென்று தலையசைத்தார். சுரங்கத்திலிருந்து ஒரு துண்டுக் கல் வெளியே வந்தாலும் திருட்டுதான். வேலை போகும், கம்பெனி வீடு போகும், ஜெயில் வேறு. அதிலும் அது எந்தக் கல் என்பது ரஜ்னீதாவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. பல்கலைக்கழகம் தலைநகர் சூவாவில் நடத்திய நேர்காணலில் ஒரு பேராசிரியர் மேசைமேல் கற்களைப் பரப்பி, இதில் தங்கம் எது என்று கேட்டார். அவள் மஞ்சளாக மின்னியதைத் தொட்டாள். தப்பு. அவர் வெள்ளி நிறத்தில் மங்கலாகக் கோடு ஓடிய ஒரு கல்லைக் காட்டினார். அதைத் தீயில் வாட்டினால் தங்கம் வியர்வை போல முத்து முத்தாக வெளியே வருமாம். உங்கள் ஊரில் இந்த வகைதான் விசேஷம் என்றார். இந்தக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அன்று முழுக்க யோசித்தாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மா மஞ்சளைக் கழுவி எடுக்கும்போது மூலைக்கல்லில் பார்த்தது.

அவர்கள் முறை வந்தது. ரஷீத் இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லை வைத்தார்.

சூவாவிலிருந்து வந்த இளவயது அதிகாரி ஒருவன் முன்னால் நின்றான். அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றவனைக் கண்டதும் அப்பல்சாமியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இலாய்சா. தீவின் பூர்வகுடிக்காரன், சுரங்கத்தில் அவரோடு ஒரே ஷிஃப்டில் பாறை துளைத்தவன். வீட்டுக்கு வந்து யங்கோனா வேர்ச்சாறு குடித்துக் கதை பேசியவன். ரஜ்னீதாவைத் தோளில் தூக்கித் திரிந்தவன். இப்போது அவன் அப்பல்சாமியை முன்பின் பார்க்காதவன் போல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்த வெளிச்சம் அணைந்துவிட்டது.

"தங்கம் ஏதாவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் அதிகாரி.

"இருக்கு சார், என் பல்லு," என்று ரஷீத் வாயைத் திறந்து காட்டினார். அதிகாரி சிரிக்கவில்லை.

பெட்டியை வேனின் முன்மூடிமேல் வைத்துத் திறந்தார்கள். மேலே கம்பளிச் சட்டை. கீழே அம்மாவின் பட்டுச் சேலை. அதிகாரி சேலையை உதறினான். மஞ்சள் துணி முடிச்சு 'ணங்' என்று தகரத்தில் விழுந்தது.

முடிச்சை அவிழ்த்தான். விரலில் மஞ்சள் ஒட்டியதும் அவன் கண் விரிந்தது. முகர்ந்து பார்த்தான்.

"ஹல்தி சார். கறிக்குப் போடறது," என்றார் ரஷீத்.

சிப்பாய்கள் இரண்டு பேர் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரியின் காது சிவந்தது. அவன் கல்லைத் திருப்பினான். முடிச்சில் உரசி மஞ்சள் உதிர்ந்த ஓரிடத்தில் வெள்ளிக் கோடு ஒன்று வெயிலில் பளிச்சிட்டது.

"எங்கே போகிறாய்?"

ரஜ்னீதா பல்கலைக்கழகத்தின் கடிதத்தை நீட்டினாள். அவன் படித்துவிட்டுக் கல்லை அவள் மூக்குக்கு நேரே பிடித்தான்.

"கல் படிக்கப் போகிறவள் நீ. சொல். இது என்ன கல்?"

சரியான பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகத் தெரிந்த பதில் வேறு இல்லை. அதைச் சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார்.

"சொல்லாத," என்றார் அப்பல்சாமி தமிழில், மூச்சுக்குள்ளே. சுற்றி நின்ற சிப்பாய்களில் யாருக்கும் அது புரிந்திருக்காது. இலாய்சாவின் தலை மட்டும் லேசாகத் திரும்பியது.

"தெரியாது சார்," என்றாள் ரஜ்னீதா. "தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் எதுக்கு சார் படிக்கப் போறேன்?"

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தான். பிறகு, "இலாய்சா! நீ சுரங்கத்தில் இருந்தவன்தானே? இங்கே வா," என்றான்.

இலாய்சா வந்து கல்லை வாங்கினான். எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தான். கோடு இன்னும் நீளமாகத் தெரிந்தது. இந்தக் கல் விழுந்த அன்று அப்பல்சாமியைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தவன் அவன். கல்லும் அவனுக்குத் தெரியும், ஆளும் தெரியும். ரஷீத் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பாலத்துக்கு அப்பால் கரும்பு ரயில் ஒன்று ஊதிவிட்டுப் போயிற்று.

"கழிவுக் கல்," என்றான் இலாய்சா. "லாரி லாரியாகக் கொட்டிக் கிடக்கும். இந்தியர்கள் எதற்கு வேண்டுமானாலும் மஞ்சள் பூசிக் கும்பிடுவார்கள்."

"மதிப்பு?"

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லையா?" அதிகாரி கல்லை வாங்கி அப்பல்சாமியின் கையில் வைத்தான். "அப்படியானால் ஆற்றில் எறி."

அப்பல்சாமி பாலத்தின் கைப்பிடிவரை நடந்தார். அங்கே போய் நின்றவர் நின்றவர்தான். உள்ளங்கையில் கல்லை வைத்துக்கொண்டு, கோவில் வாசலில் நிற்பது போல நின்றார். அதிகாரி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் கல்லின் மதிப்பை அந்த முகமே சொல்லிவிடும்.

ரஜ்னீதா போய் அப்பாவின் கையிலிருந்து அதை எடுத்தாள். அளவுக்கு மீறின கனம். பக்தியோடு போடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. குளத்தில் சில்லு எறிகிற பிள்ளை மாதிரி கையை ஓங்கி வீசினாள். 'டுபுக்' என்றது. பழுப்புத் தண்ணீர் மூடிக்கொண்டது.

பெட்டியை மூடிக் கொடுக்க வந்த இலாய்சா அப்பல்சாமியைப் பார்க்காமலே, "போ," என்றான். தமிழில். சுரங்கத்தில் வெடித் திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு இருட்டில் அப்பல்சாமி கத்துகிற வார்த்தை அது.

ரஷீத் சக்கரத்துக் கல்லைத் தூக்கி உள்ளே போட்டு வண்டியைக் கிளப்பினார். சாலை மேட்டில் ஏறியதும் அப்பல்சாமி, "ஆத்தைத் தாண்டிட்டோம்," என்றார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

லவுட்டோகா வந்தபோதுதான் கையை எடுத்தார். "நான் வெறுங்கையோட போய் நின்னா ஒங்கம்மா வெளக்கு ஏத்த மாட்டா. சோறும் திங்க மாட்டா. ஒனக்கு வழியில ஏதோ ஆயிடுச்சின்னு நெனைச்சிக்குவா."

"ஆத்துல வேற கல்லா கெடைக்காது?" என்றார் ரஷீத்.

"அந்தப் பாலத்துகிட்ட எறங்கி மறுபடியும் கல்லு பொறுக்கவா? சுட்டுப்புடுவான்."

ரஜ்னீதா குனிந்து காலடியில் உருண்டுகொண்டிருந்த கருங்கல்லைத் தூக்கினாள். கையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். "இது அதைவிடப் பெருசு. ஆனா கனம் கிட்டத்தட்ட அதேதான்பா. உள்ள ஓட்டை இல்லாத கெட்டிக் கல்லு, அதான். துணியோட மூலையில எட்ட வெச்சா அம்மாவுக்குத் தெரியாது." இவ்வளவு நீளமாக அவள் தமிழில் பேசியதே இல்லை.

"ஏய், ஏய், அது என் பிரேக்கு!" என்றார் ரஷீத்.

அப்பல்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டயருக்கு வெச்ச கல்ல மூலையில வெச்சா சாமி கண்ணக் குத்தும் பாய்."

"ஆயிரம் வாட்டி வண்டியக் காப்பாத்தின கல்லு அண்ணே. ஒங்க கல்லு ஒரு வாட்டிதான் காப்பாத்துச்சி."

"இன்னிக்கு ரெண்டாவது வாட்டி," என்றாள் ரஜ்னீதா.

சிரிப்பு அடங்கியதும் அப்பல்சாமி சொன்னார்: "வெள்ளிக்கெழம கழுவத் தூக்குனா கண்டுபுடிச்சிடுவா. அதுக்குள்ள நீ அங்க சேந்துட்டேன்னு போன் பண்ணிடு. போன் வந்தப்புறம் நானே சொல்லிக்கறேன்."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். நீ அங்க இருப்பே இல்ல?"

நாடி விமான நிலையத்தில் கூட்டம். பெட்டிகளும் அழுகையுமாக எங்கே பார்த்தாலும் குடும்பங்கள். ரஜ்னீதா மஞ்சள் துணியில் கருங்கல்லை வைத்து முடிந்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவள் தலையைத் தொட்டார்.

ரஷீத் மட்டும் இறங்கி வரவில்லை. சாய்வான இடத்தில் நிறுத்திய வண்டி உருளாமல் காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, "சீக்கிரம் உள்ள போ பேட்டி! எனக்குக் காலு மரத்துப்போச்சி!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போனாள்.